பக்கத்து வீடு காலியாகவே இருக்கட்டும்

ட்வெந்தெ,
நெதர்லாந்து, செப்டம்பர் 9

அன்புள்ள அலெய்டா அக்காவுக்கு,

வீடு பார்த்துக் குடியும் வந்தாயிற்று. ஐம்பத்தைந்து வயதில் மனைவி கதவைச் சாத்திவிட்ட ஒருவன் எப்படி வீடு தேட வேண்டும் என்று நீ ஒரு பிரசங்கமே எழுதியிருந்தாயே: கூரையைப் பார், வடிகாலைப் பார், எல்லாவற்றுக்கும் மேலாக அக்கம்பக்கத்தைப் பார். கூரை ஒழுகுகிறது. வடிகால் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கமோ தங்கம்!

சாமான் வண்டி வருவதற்கு முன்பே என் வாசலில் பைன் கிளைகளால் வளைவு கட்டிக் காகித ரோஜா குத்தியிருந்தார்கள். கல்யாணம் யாருக்கு என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெரெண்ட் என்கிற பண்ணைக்காரர் ஜின் பாட்டிலோடு வந்து, "எங்களுக்கு அண்டை வீட்டுக்காரரா இருக்கச் சம்மதமாங்க?" என்று பெண் கேட்பதுபோல் கேட்டார். சம்மதித்தால் கடமைகள் உண்டு. பிரசவம் என்றால் ஓட வேண்டும். சாவு என்றால் வீட்டுக்கு ஒருவராகச் சவப்பெட்டி தூக்க வேண்டும். இரண்டு வாய் ஜின்னுக்குப் பிறகு நான் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டேன்?

பக்கத்து வீட்டில் ஹெண்ட்ரிக் என்று ஒரு முதியவர், தனிக்கட்டை. படுக்கையில் கிடந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாப்பா, வந்துட்டியா" என்று கண் கலங்கினார். என் மனைவி ஒருநாளும் என்னை அப்படி வரவேற்றதில்லை.

மறுநாள் காலை அவர் போய்விட்டார். நானும் பெட்டி தூக்கினேன். தோள் இன்னும் வலிக்கிறது.

உன் அன்புத் தம்பி,
யோஸ்ட்

உட்ரெக்ட்,
அக்டோபர் 2

அருமைத் தம்பி யோஸ்டுக்கு,

உனக்காவது ரோஜா வளைவு. இங்கே மாடி வீட்டுக்காரரை அவருடைய செருப்புச் சத்தத்தால்தான் எனக்குத் தெரியும். போன மாதம் சத்தம் மாறியிருக்கிறது. ஆள் மாறினாரா, செருப்பு மாறியதா, யாரைக் கேட்பது?

என் நுரையீரல் எக்ஸ்ரேயை டாக்டர் பார்த்தார். "நீண்ட காலத் திட்டம் எதுவும் போடாதீங்க" என்றார். "குளிர்காலக் கோட்டு வாங்கலாமா, அது நீண்ட காலமா?" என்று கேட்டேன். மனிதருக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

அந்த ஹெண்ட்ரிக் வீடு விற்பனைக்கு வருமோ? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா,
அலெய்டா

ட்வெந்தெ,
அக்டோபர் 10

அக்கா,

அந்த வீட்டை நீ நினைத்தும் பார்க்காதே. என் வீட்டுக்கு வா. முன்னறையில் கட்டில் போட்டுவிட்டேன்.

காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. நேற்று காபி குடிக்கும்போது பெரெண்ட் சொன்னார்: "நீங்க வர்ற வரைக்கும் இந்த வீடு பல வருஷமா காலிங்க. ஒரு வீடு காலியா இருந்தா நம்ம தெருவுல யாரும் போறதில்ல."

"எங்க போறதில்ல?"

"அதாங்க, உயிர் போறதில்ல. பெட்டி தூக்க ஆள் குறையுதுல்ல? பாவம் ஹெண்ட்ரிக், எவ்வளவு பொறுமையாக் காத்துக் கிடந்தாரு. சர்க்கரை போதுமாங்க?"

பால் விலையைச் சொல்கிற குரலில் சொன்னார், அக்கா. நான் பலமாகச் சிரித்தேன். அப்புறம் ஹெண்ட்ரிக் என் கையைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது ஹெண்ட்ரிக் வீடு காலி. அது காலியாக இருக்கும்வரை இந்தத் தெருவில் உனக்கு ஒன்றும் ஆகாது. காலியாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இன்று காலை வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். வேலியோரம் உள்ளாடையோடு நின்று டிரம்பெட் ஊதினேன். கார் கதவைச் சாத்தாமலே கிளம்பிவிட்டார்கள்.

ஒரே ஒரு சங்கடம். எதிர் வீட்டில் டீனா அம்மா தன் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். புற்றுநோய் எலும்பைத் தின்று முடித்துவிட்டது. உயிர் மட்டும் போகவில்லை. நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து 'விற்பனைக்கு' என்ற பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று என்னைக் கூப்பிட்டு, "வர்றவங்கள ஏன்பா விரட்டுற? நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டார். கொண்டு போயிருந்த ஆப்பிள் கேக்கை அவர் மடியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நான் கெட்டவன்தான். இருந்துவிட்டுப் போகிறேன். நீ வா.

யோஸ்ட்

உட்ரெக்ட்,
அக்டோபர் 21

என் யோஸ்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இருமல் வரும்வரை சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் டீனாவைத் தாண்ட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் தெருவுக்கு வந்திருந்தேன். நீ பல் டாக்டரிடம் போயிருந்தாய். நல்லதாயிற்று, டிரம்பெட்டிலிருந்து தப்பித்தேன். பெரெண்ட் வந்து, "சம்மதமாங்க?" என்று கேட்டார்.

"எவ்வளவு நாள் இருப்பேன்னு சொல்ல முடியாதுங்க" என்றேன்.

"அதுக்கென்னங்க, நாங்க இருக்கோம்ல" என்றார்.

உட்ரெக்டில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சம்மதம் என்றேன். ஹெண்ட்ரிக் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை குடிவருகிறேன்.

கோபப்படு, பரவாயில்லை. ஆனால் இன்னொருத்தி வலியில் நான் மூச்சு விட மாட்டேன். எனக்குப் பிறகு அந்த வீடு மறுபடியும் காலியாகும். அப்போது வருகிறவர்களை விரட்டாதே.

டீனாவிடம் பெரெண்ட் சொல்ல வேண்டாம், அந்த வீட்டுக்கு ஆள் வருகிறது என்று நீயே போய்ச் சொல். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று அன்றைக்கே எனக்கு எழுது. வேடிக்கை எதுவும் சேர்க்காமல், பார்த்ததை அப்படியே எழுது. நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அக்கா,
அலெய்டா