அரசு அலமாரியில் அக்காவின் கையெழுத்து

ஜூலை 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத்தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. "இந்த வீட்டுல அவ பேச்சை எடுக்கக் கூடாது" என்று அப்பா சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் என் பள்ளிக்கும் பூட்டுதான்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

பள்ளியில், அரசு வெளியிட்ட ஏதாவது ஓர் அறிக்கையைப் படித்து ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். வகுப்பே மழை அளவு அறிக்கையைப் பிடித்துக்கொண்டது. வெறும் எண்கள், பார்த்து எழுதிவிடலாம். எனக்கு முன்னால் வரிசையில் பன்னிரண்டு பேர். அதனால் நூலகத்தின் பின்னறைக்குப் போய் வேறு ஏதாவது தேடினேன். தொழிற்சாலை விபத்து விசாரணைகள் என்று ஒரு தடித்த தொகுதி. பொருளடக்கத்தில் நீ வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர்.

நூலகர் அம்மாவிடம் போய், "இதைப் படிக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?" என்று கேட்டேன்.

"கை சுத்தமா இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்பா கையெழுத்து?"

"உங்கப்பாவே வந்தாலும் கையைத்தான் பாப்பேன்."

ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எதிர்வீட்டு அத்தைக்கு மூன்று விரல் போன அந்த விபத்துதான். உன் பெயர் இல்லை. "இயந்திரத்தை இயக்கிய பெண், வயது இருபது" என்று இருக்கிறது. உன் கவனக்குறைவு என்றுதானே தொழிற்சாலைக்காரர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள்? அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் மேலாளர். இயக்கிய பெண் அதைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவள்மேல் தவறில்லை. இவ்வளவும் அச்சில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டாவது புகாரையே படமாகப் போட்டிருக்கிறார்கள். 'ழ'வுக்கு அவ்வளவு நீள வால் போடுகிறவள் உலகத்தில் நீ ஒருத்திதானே?

பதினான்கு மாதமாக அந்தப் புத்தகம் அங்கே இருக்கிறது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். கையால் எழுதிக்கொள்ளலாம். மூன்று மாலை உட்கார்ந்து எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். பதிலை என் தோழி வீட்டு விலாசத்துக்குப் போடு.

உன் வாலு

*

ஜூலை 17

என் வாலுக்கு,

கிழிக்கச் சொன்னாய். முடியவில்லை, மன்னித்துவிடு.

சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். மேற்பார்வை பார்க்கிற அண்ணன், "என்னம்மா, லவ் லெட்டரா?" என்றார். "அதைவிடப் பெருசுண்ணே" என்றேன்.

முதல் புகாரை மேலாளர் என் கண் முன்னாலேயே கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். இரண்டாவதை யாரோ எடுத்து வைத்திருந்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. நல்லா இருக்கட்டும். எல்லோரும் சேர்ந்து என்னைச் சொன்னபோது, நான் எழுதிக் கொடுத்ததே கனவோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலு நாளாக நிம்மதியாகத் தூங்குகிறேனடி. அந்த நூலகர் அம்மாவுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போடு.

அப்பாவிடம் மட்டும் காட்டாதே. நீயே எழுதியது என்பார், உன் படிப்பை நிறுத்துவார். நீ தெரிந்துகொண்டாய், எனக்கு அது போதும்.

அக்கா

*

ஆகஸ்ட் 2, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவிடம் காட்டாதே என்றாய், காட்டவில்லை. அத்தையிடம் காட்டாதே என்று நீ சொல்லவில்லையே.

அத்தை நான் எழுதிய நகலைத் தொடவே இல்லை. "அசல் எங்கடி இருக்கு?" என்றார். மறுநாளே நூலகத்துக்கு வந்துவிட்டார். மிச்சமிருக்கிற இரண்டு விரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, "ரெண்டு வருஷமா உங்கக்காவைத் திட்டாத நாள் இல்ல. அத்தனையையும் எப்படிடி திருப்பி வாங்குறது?" என்றார். நூலகர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன் கும்பிடையும் சொன்னேன். "எனக்கெதுக்கு? புத்தகம் எல்லாருக்கும்தானே வச்சிருக்கு" என்றார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

இன்று மாலை அத்தை நம் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, சட்டையப் போடுங்க. ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்கே?"

"சொன்னா வர மாட்டீங்க. வாங்க."

அத்தை கூப்பிட்டால் அப்பாவால் மறுக்க முடியாது. அந்த விரல்களுக்காகத்தானே உன்னை வீட்டைவிட்டு அனுப்பினார்.

நூலகம் மூடிய பிறகுதான் திரும்பி வந்தார். சாப்பிடவில்லை. கூடத்தில் நீ படுத்த கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். யார் கண்டுபிடித்தது என்று அத்தை சொல்லியிருப்பார். நாளைக்கு என்னைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால், நீ வருத்தப்படாதே. அந்தப் பின்னறைக்கு நான் போனதை நினைத்து எனக்குச் சந்தோஷம்தான். அப்படி ஓர் அறையை வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு...

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. எப்போதும் தட்டாமல் திறக்கிறவர், வெளியிலேயே நிற்கிறார்.

"பாப்பா, அக்காவுக்குத்தானே எழுதுறே? அடியில கொஞ்சம் இடம் விட்டு வை, நானும் ரெண்டு வரி எழுதணும்."