சப்பரம் சாய்ந்தது உங்களால் அல்ல

அண்ணே, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும். இன்று செக்காலையில் ஒரு கல்யாண வீட்டில் வேட்டுப் போட்டார்கள். அந்த மருந்து வாடை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வேட்டு வெடித்ததும், விடுப்பில் வந்திருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர், பெண்ணுக்குத் தாய்மாமன், சீர்த்தட்டோடு குப்புற விழுந்தார். தேங்காய் உருண்டு ஓடியது. "மாமா பந்திக்கு முந்தியே படுத்துட்டாக" என்றாள் ஒருத்தி. பந்தலே சிரித்தது. எனக்கு அங்கே கிடந்தது நீங்கள்தான்.

அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டை முடிந்து நீங்கள் பட்டாளத்திலிருந்து ஊர் வந்த பிறகு நடந்த திருவிழா. சப்பரத்தின் முன்தண்டு உங்கள் தோளில். வேட்டு வெடித்த நொடியில் நீங்கள் மண்ணில் கிடந்தீர்கள். சப்பரம் ஒருபக்கம் சாய்ந்து, சாமி கழுத்து மாலை கீழே விழுந்தது. ஊர்த்தலைவர் அம்பலம் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "இவன் எங்கிட்டுப் போயிச் சண்டை போட்டான்? நம்ம ஊரு வேட்டுக்கே வேட்டி அவுந்துபோச்சு."

சாமி குத்தம் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வருஷம் தண்டு தூக்குகிறவர்களைப் பேர் சொல்லி அழைத்தபோது உங்கள் பேரை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேர் அவர் வாயில் வரவே இல்லை.

நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "நான் விழுகலடா. உடம்பு விழுந்துச்சு. நான் பெறகுதான் போய்ச் சேந்தேன்."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ முடியாமல் விரல் நடுங்கும். யாராவது கதவை அறைந்து சாத்தினால் முதுகு வேர்த்துவிடும். சோறு வயிற்றில் தங்காது. கூடப் படித்தவன் பேர்கூட மறந்துபோகும். சாராயத்தையே தொடாத உங்களைக் குடிகாரன் என்றார்கள். பேய் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.

இன்று பந்தலில் சிங்கம்புணரி டாக்டர் ஒருவர் இருந்தார். ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுந்து வந்து அந்த மனிதரின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "எதுக்குச் சிரிக்கிறீக? குண்டு விழுகிற எடத்துல பொழைச்ச உடம்பு இது. சத்தம் கேட்டா முதல்ல உடம்பு விழுந்துரும். அறிவு பின்னாலதான் வரும்."

உங்கள் வார்த்தை, அண்ணே! அப்படியே உங்கள் வார்த்தை!

நான் அவரை விடவில்லை. விரல் நடுக்கம், வேர்வை, வயிறு, மறதி எல்லாவற்றையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "பயந்தாங்கொள்ளித்தனம் இல்லைங்க. சண்டை முடிஞ்சது அந்த உடம்புக்குத் தெரியாது" என்றார். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தண்டு தூக்கியவர் இறந்தால் கோயில் மாலை வீடு தேடி வரும். நீங்கள் மார்வலியில் போன அன்று பாடை கட்டி முடிக்கும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். இந்தத் திருவிழாவில் தண்டு தோளில் ஏறுமுன் உங்கள் பேரை அம்பலம் உரக்கக் கூப்பிட வேண்டும். எனக்கு அது போதும்.

மடல் உங்களுக்கு, உறை மேல் அம்பலத்தின் விலாசம். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப்போகிறேன். பயந்து அல்ல. படித்து முடித்ததும் யார் எழுதியது என்று வீட்டில் கேட்பார்கள். இன்னாருடைய தம்பி என்று அவர் சொல்லியாக வேண்டும். உங்கள் பேர் முதலில் அவர் வீட்டுக்குள்ளேயே கேட்கட்டும்.