துணிக்குப் பின்னால் இருந்து பார்த்த படம்

மிஸ்ஸி,

இன்று காலை படக்காரர்களின் வெள்ளைத் துணி என் மடிக்கு வந்து சேர்ந்தது. அப்புத்தளைக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்றுப் பின்னேரம், காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்களத்தில் இரண்டு மூங்கில் நட்டுத் துணியைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். காற்று ஒரே இழுப்பில் நடுவே கிழித்துவிட்டது. "தங்கச்சி, பிள்ளைக்காம்பராவுல ஊசி நூல் இருக்காமே, கொஞ்சம் தச்சுக் குடுங்க, அந்திக்குப் படம் போடணும்" என்று படவண்டிக்காரர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். விரித்தேன். மண்ணெண்ணெயும் புகையும் காயாத ஈரமும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. அதன் பிறகு வெகுநேரம் எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

நான் இன்னும் அதே பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளை வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டிலாட்டி, பால் கரைத்து, மூக்குத் துடைத்து, எல்லாம் முன்போலத்தான். நீ குழந்தைகளை நிறுக்கும் தராசு அதே ஆணியில் தொங்குகிறது. இப்போது வேறொரு மிஸ்ஸி வந்து நிறுக்கிறார். நல்லவர், ஆனால் அவரோடு சண்டை பிடிக்க முடியாது.

நம்முடையது சண்டையில்தானே தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவிச்சியாக, எங்கள் வாயில் 'மிஸ்ஸி'யாக, நீ வந்த புதிது. வெள்ளைச் சேலை, குடை, எவரையும் 'நீர்' என்று அழைக்கும் பேச்சு. முதல் நாள் மாலை தோட்டத்தில் படம் போட்டிருந்தார்கள். மறுநாள் நீ தராசில் ஒரு குழந்தையைக் கிடத்தியபடி என் முகத்தைப் பார்த்தாய். "உமக்கும் அந்த நடிகையைப் போல ஒரு மச்சம் இருக்கு. அவவுக்கு இடக் கன்னத்திலை" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங்க மிஸ்ஸி, அதுக்கும் எனக்கு மாதிரியே வலக் கன்னத்துலதான். நான் நல்லாப் பாத்தேங்க."

"நானும் நல்லாத்தான் பாத்தனான். இடப்பக்கம்."

"அந்தோணியார் சத்தியமா வலப்பக்கம்."

"உமக்கு விசரே? மச்சத்துக்கு ஆராவது சத்தியம் பண்ணுவினமோ?"

நான் விடுவேனா? அந்த மச்சம் எனக்குப் பெரிய விஷயம். படத்தில் அழகி என்று எல்லோரும் சொன்ன ஒருத்திக்கு என்னைப் போலவே அதே கன்னத்தில் மச்சம் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். நீ வந்து அதை மறுகன்னத்துக்கு மாற்றப் பார்க்கிறாய். ஒரு வாரம் முழுக்க, குழந்தைகளை நிறுத்துக்கொண்டே வழக்காடினோம். கடைசியில், அதே படம் பதுளைக் கொட்டகையில் ஓடுகிறது, போய்ப் பார்த்துவிடுவோம் என்று நீதான் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு உன்னோடு ரயிலேறினேன். பகல் காட்சி. கொட்டகைக்குள் அதுவரை நான் போனதேயில்லை. படம் தொடங்கியது, எழுத்து வந்தது, வாசிக்க முடிந்தது. அதுவே எனக்கு அதிசயம். பிறகு கதாநாயகன் வாளை உருவினான், வலக்கையால். "ஐயோ, இவன் இடக்கைக்காரனாச்சே!" என்று நான் கத்திவிட்டேன். முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தார். அடுத்து அவள் வந்தாள். மச்சம் இடக் கன்னத்தில்.

நான் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீ வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாய். திடீரென்று சிரிப்பை நிறுத்தி என் காதருகே குனிந்து, "நீர் தோட்டத்திலை எங்கை இருந்து பாத்தனீர்?" என்று கேட்டாய்.

"பின்னாடி."

"எதுக்குப் பின்னாலை?"

"துணிக்குப் பின்னாடிங்க. நாங்க எல்லாம் அங்கதானே."

உனக்கு அது தெரியவே தெரியாது. துணிக்கு முன்பக்கம் ஆண்களுக்கும், நாற்காலி போட்டு உட்காரும் உத்தியோகத்தர் குடும்பங்களுக்கும். லயத்துப் பெண்களும் பிள்ளைகளும் பின்பக்கம் சாக்கு விரித்து உட்கார வேண்டும். யார் வைத்த வழக்கம் என்று நான் கேட்காத ஆளில்லை, ஒருவருக்கும் தெரியாது. துணி மெல்லியது, படம் ஊடுருவித் தெரியும். எழுத்து மட்டும் திரும்பிக் கிடக்கும். எழுத்து திரும்பினால் மனிதர்களும்தான் திரும்பித் தெரிவார்கள் என்று எட்டாம் வகுப்பு வரை படித்த இந்த மண்டைக்கு ஏறவேயில்லை பார்!

கொட்டகையை விட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிறகு, "உம்முடைய பக்கத்தை நான் பாக்கவேணும்" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த படம் போட்ட அன்று, வெளிச்சம் மங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து, ஆண்கள் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நீ எங்கள் பக்கம் வந்தாய். பெண்கள் பதறிப்போய் எழுந்து நின்றார்கள். "மிஸ்ஸி, பாதை தவறிட்டீங்களா?" என்று என் அம்மா கேட்டாள். நீ வந்து என் சாக்கில் உட்கார்ந்தாய். குளிர் நடுக்கியது. என் கம்பளியில் பாதியை எடுத்து உன்மேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில், கம்பளிக்குள் உன் கை வந்து என் கையைப் பிடித்தது. விடவில்லை. அன்றைக்கு ஓடியது என்ன படம், யார் நடித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பெயர் என்ன என்று மறுநாளே உன்னைக் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? "கேள்விக்காரி" என்று கன்னத்தில் தட்டினாய். "எனக்கும் தெரியாது. தெரியவந்தா முதல்லை உனக்குத்தான் சொல்லுவன்." அன்றைக்குத்தான் முதன்முதலாக 'நீ' என்றாய், என்னையும் 'நீ' என்று சொல்லச் சொன்னாய். நாலு பேர் முன்னால் 'வாங்க மிஸ்ஸி', தனியே 'வாடி'. அந்த மாற்றத்தில் நாக்குப் புரண்டு எத்தனை தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்! பெயர் தெரியாவிட்டால் போகட்டும், ஆசை எனக்குத் தெரிந்தது. உன் குடை லயக்கோடியில் தெரிந்தால் தொட்டிலை ஆட்டவே மறந்துவிடுவேன். நீ வராத நாளில் குழந்தைகள்மேல் எரிந்து விழுவேன்.

ஒரு மழை நாளில் தொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன், "ரெண்டு பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி விரும்புற மாதிரி ஏன் படமே வர்றதில்ல?"

"ஆர் பாப்பினம்?"

"நான் பாப்பேன். நீ பாப்ப. ரெண்டு டிக்கட் போயிருச்சா?"

அன்றிலிருந்து நாமே அந்தப் படத்தை எடுக்கத் தொடங்கினோம், வாயாலேயே. ஒருத்தி மருத்துவிச்சி, இன்னொருத்தி தொட்டிலாட்டுகிறவள். பாட்டு எங்கே வைப்பது என்று நீ கேட்டாய். தராசுக்குப் பக்கத்தில், நீ குனிகிற இடத்தில் என்றேன். "வில்லன் இல்லாட்டிப் படம் ஓடாது" என்றாய். யோசித்து யோசித்துப் பார்த்தோம், ஒருவர்மேலும் மனம் வரவில்லை. "அப்ப வெலிமடை பஸ்ஸை வைப்பம். ஒரு நாளும் நேரத்துக்கு வராது. நான் உன்னை விட்டுப் போகவேண்டிய நாளிலை மட்டும் நேரத்துக்கு வந்து நிக்கும்." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மழை விடவில்லை, தாய்மார் வரவும் இல்லை. நீ என் வலக் கன்னத்து மச்சத்தில் முத்தமிட்டாய். பிறகு முகத்தைத் திருப்பி மச்சமே இல்லாத இடக் கன்னத்திலும் ஒன்று. "இது முன்னுக்கு இருந்து பாக்கிற ஆக்களுக்கு" என்றாய்.

முடிவை மட்டும் நாம் வைக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் நீ வேண்டாம் என்பாய். அது முடியும் முன்பே உன் அண்ணன் வந்துவிட்டார். ஊரில் உனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

"நான் போகேல்லை எண்டு சொன்னா?" என்று பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று கேட்டாய்.

"சொல்லு. நான் ஒண்ணும் வேணாங்கல. ஆனா எங்க நிப்ப? ஆஸ்பத்திரி வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான். லயத்துல என் அம்மா, அண்ணன், அண்ணி, புள்ளைங்க, எல்லாம் ஒரே காம்பரா. நான் உன்கூட வரட்டுமா? எனக்கு இந்த நாட்டுல பிரஜைன்னு ஒரு பேர்கூட இல்ல, தோட்டத்துக்கு வெளியில யாரு வேல குடுப்பாங்க?"

எனக்கும் அழுகை வந்தது, உனக்கும் வந்தது. வழி இருந்தால் சொல் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நம் இருவரிடமும் வழி இல்லை.

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு உன் பெட்டியைத் தூக்கிவருகிற சாக்கில் நானும் வந்தேன். உன் அண்ணன் நம் இருவருக்கும் நடுவில் நின்றார். கெட்டவரில்லை, எனக்குத் தேத்தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். மூடுபனிக்குள் பண்டாரவளைப் பக்கமிருந்து கொழும்பு ரயில் கூவுவது கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்ஸி, அந்தப் படத்துக்கு முடிவு சொல்லாமப் போறீங்களே?"

"என்ன படம்?" என்றார் உன் அண்ணன்.

"நாங்கள் ரெண்டு பேரும் பாத்த ஒரு படம், அண்ணை."

"நல்ல படமோ?"

நீ என்னைத்தான் பார்த்தாய். "சின்னப் படம். ஆனா நல்ல படம். கடைசியிலை ரெயில் வெளிக்கிடும். ஒருத்தி ரெயிலுக்குள்ளை, ஒருத்தி வெளியிலை."

"அப்ப சோகம் எண்டு சொல்லு."

"முன்னுக்கு இருந்து பாத்தா சோகம்தான். பின்னுக்கு இருந்து பாத்தா ரெயில் மற்றப் பக்கமெல்லே ஓடும், அண்ணை. கொழும்புக்குப் போற ரெயில் பதுளைக்கு வரும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விசர்க்கதை" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் நீ கையசைத்தாய், இடக்கையால். மூடுபனியில் அந்தக் கை மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

நீ இறந்துபோன சேதியைப் புதிய மிஸ்ஸிதான் கொண்டுவந்தார். தலைப்பிரசவம், அதற்குப் பின் காய்ச்சல் என்றார். எங்கள் லயங்களில் பாதிப் பிள்ளைகள் உன் கையில் விழுந்தவை. உனக்குப் பார்த்தது யார்? அவளுக்கு உன்னளவு கைராசி இல்லையா? குழந்தை இருக்கிறதா? மச்சம் இருக்கிறதா அதற்கு? அங்கே கொட்டகையில் படம் பார்க்கும்போது ஒரு தடவையாவது பின்பக்கத்தை நினைத்தாயா? அந்தப் பெயர், எனக்குத்தான் முதலில் சொல்வேன் என்றாயே, அது உனக்குத் தெரியவந்ததா? அழுது ஓய்ந்த பிறகும் இந்தக் கேள்விகள் ஓயவில்லை. நல்லதுதான், ஓய்ந்துவிட்டால் உன்னோடு பேச எனக்கு என்ன இருக்கும்?

முகம் கழுவும்போது இடக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. அங்கே ஒன்றுமில்லை என்று தெரியும், ஆனாலும் அது என்னுடைய மச்சம்தான்.

துணியைத் தைத்து முடித்துவிட்டேன். இந்தத் தடவை பெண்களும் முன்பக்கமே உட்காரலாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். லயத்தில் ஒரே கொண்டாட்டம், அம்மா மத்தியானமே முன்பக்கம் சாக்குப் போட்டு இடம் பிடித்துவிட்டாள். சந்தோஷம்தான், யார் வேண்டாம் என்றது? வண்டிக்காரர் துணியை வாங்க வந்தபோது, படத்தில் ரயில் வருமா என்று கேட்டேன்.

"கடைசியில வருதுங்க. பொண்ணு ரயிலேறிப் போயிரும். பொம்பளைங்க எல்லாம் அழுவாங்க" என்றார்.

நான் பின்பக்கம்தான் உட்காரப் போகிறேன். கம்பளியில் பாதியைப் பக்கத்தில் விரித்துவைப்பேன். அந்த ரயில் உன்னைக் கொண்டுவருகிற பக்கம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.