முத்து மங்கவில்லை, அக்கா

எனக்குச் சடை பின்னிவிட்டே வளர்த்த சரோஜாக்காவுக்கு,

நீ போய் இன்றோடு நாற்பது நாள். ராஜபாளையத்தில் உன் வீட்டு முல்லை இன்னும் பூக்கிறது. அத்தான் மில்லுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். உன் சாவுக்கு நான் அழுத அழுகையை ஊரே பேசியது. அதில் பாதியைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று இப்போது யோசிக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பும்போது, அத்தான் உன் பீரோவிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்து வந்தார். "உங்க அம்மா நகை கமலா. இனி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

திறந்தேன். அம்மாவின் நெக்லஸ். ஐந்து சரம் பஸ்ரா முத்து, நடுநடுவே வைரம் பதித்த பட்டைகள்.

வெள்ளைக்காரக் கலெக்டர் வீட்டு விருந்துக்குப் போவதற்காக, துரைசானிகள் கழுத்தை ஒட்டிப் போடுகிற மாதிரியே மதராஸில் சொல்லிச் செய்த நகை. செய்துகொண்டவர் அம்மாவின் அத்தை. கழுத்துவரை லேஸ் வைத்த ஜாக்கெட்டுக்கு மேல் இதைப் பூட்டிக்கொண்டு, மூச்சே விடாமல் போட்டோவில் நிற்பாரே? "கழுத்து சுளுக்குன மகாராணி" என்று நீதானே பேர் வைத்தாய்.

வைரத் தோடு பெரியவளுக்கு, நெக்லஸ் சின்னவளுக்கு என்று அம்மா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். அவள் போன பிறகு உன்னிடம் கேட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஆண்டாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். குடுத்துட்டேன். கோவிச்சுக்கிடாத."

கோபமா? எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாமிக்குக் கொடுத்ததைப் பற்றி வாயைத் திறந்து விசாரித்தால் புண்ணியம் போய்விடும் என்பது நம் வீட்டு வழக்கம். நான் கோயிலில் கேட்கவே மாட்டேன் என்று தெரிந்துதானே அப்படிச் சொன்னாய்?

பன்னிரண்டு வருஷம், அக்கா. ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் ரத வீதியில் முண்டியடித்து நின்று ஆண்டாள் கழுத்தைத் தேடினேன். மாலைக்கு அடியில் வெள்ளையாக எது மின்னினாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகள் செல்வியின் முகத்தைத் திருப்பி, "அந்தா பாரு, நம்ம வீட்டு முத்து" என்று காட்டினேன். யார் வீட்டு முத்தோ!

போன தையில் செல்வியைக் கவரிங் நகையோடு மணையில் உட்கார வைத்தேன். நீ வைரத் தோடு ஆட ஆட என் பக்கத்தில் வந்தாய். "ஆண்டாள் கழுத்துல கெடந்தா இவ கழுத்துல கெடந்த மாதிரிதாம்ட்டி." நான் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்போதாவது உனக்கு உறுத்தவில்லையா?

கொடுக்க நினைத்துத் தள்ளிப்போட்டிருப்பாய் என்று இரண்டு நாள் உனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். பிறகு முத்துகளை வெளிச்சத்தில் பிடித்தேன். "முத்தை உடம்புல போட்டாத்தான் உசிரு, பூட்டி வச்சா மங்கிரும்" என்று அம்மா சொல்வாளே. ஒன்றுகூட மங்கவில்லை. கொக்கியின் இடுக்கில் உன் பவுடர் ஒட்டியிருந்தது.

எங்கே போட்டுக்கொண்டாய்? ஒரு விசேஷத்திலும் நான் பார்த்ததில்லையே. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு மட்டும் காட்டினாயா? ஆசையாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உனக்குப் பூட்டிவிட்டிருப்பேன். எடுத்துக்கொண்டதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆண்டாளை நடுவில் இழுத்தாயே, அதுதான் ஆறவில்லை.

"இப்பவாவது கோயில்ல சேத்துரு. ஒங்க அக்கா சொன்னதும் நெசமாயிரும்" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, நல்ல மனுஷன். நான் செய்யமாட்டேன். உன் பொய்யை உண்மையாக்குகிற வேலையையும் நானே பார்க்க வேண்டுமா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வருகிற ஆடிப்பூரத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு, அதே ரத வீதியில் போய் நிற்பேன். என் கழுத்துப் பருமனுக்குக் கொக்கி எட்டாது. நூல் சேர்த்துக் கட்டிக்கொள்வேன். பன்னிரண்டு வருஷம் நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். இந்த வருஷம் அவள் என் கழுத்தைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நீ சொன்னதையெல்லாம் நம்பிய
உன் கூடப்பிறந்தவள், கமலா