பிளாப்பிக்கு வைத்த பொட்டு

உத்திரமேரூர்,
சித்திரை, 2003.

அன்பு மகள் இளவரசிக்கு, உன் நைனா சுப்பிரமணி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். எல்லோரும் என்றால் இப்போது நானும் கறுப்பு மாடும்தான். மாடு நலம்.

பூத்திலிருந்து உன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டால், வெளியே போயிருக்கிறாய் என்கிறார்கள். எந்நேரமும் வெளியிலேயேவா இருப்பாய்? கடுதாசியைப் பிரிக்காமல் போட உனக்கு மனசு வராது என்றுதான் இதை எழுதுகிறேன். நீ கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கடையில் புடவை மடிப்பதாக உன் சிநேகிதி சுலோச்சனா வந்து சொன்னாள். புடவை மடிப்பது கேவலம் இல்லை. நீ எதற்காக அந்தப் படிப்பை விட்டாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏரி வற்றிக் கிடக்கிறது. கிணற்றை நம்பி மல்லாட்டை போட்டிருக்கிறேன்.

ஆயுத பூஜையைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை வாயே திறக்கவில்லை. நானே திறக்கிறேன். ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதி, பிளாப்பியில் வைத்திருந்தாய். மறுநாள் காஞ்சிபுரத்தில் போட்டி. உன் அம்மா மண்வெட்டி, அரிவாள், மோட்டார் ஸ்பேனரோடு அதற்கும் பொட்டு இட்டுப் பூஜையில் வைத்தாள். பூஜையில் வைத்ததை விடிகிற வரைக்கும் தொடக்கூடாதே, நீயும் தொடவில்லை. காலையில் அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். அங்கே மிஷின் அதைப் படிக்கவில்லை. அதன் மேலிருக்கும் சின்னத் தகட்டைத் தள்ளிப் பார்த்தால், உள்ளே வரை சந்தனமும் குங்குமமும் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து நீ கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. "உனக்கு இன்னா தெரியும்னு அதுல கைய வெச்ச?" என்றாய். அவளோ, நீ எழுதனது உள்ள தான கீது, வெளிய பொட்டு வெச்சா அதுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று திருதிருவென்று முழித்தாள். நீ பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனாய். தீபாவளிக்கும் வரவில்லை. மார்கழியில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கருமாதி வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா அம்சா, நீ விட்டுப்போன பிளாப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். இத்தக் கழுவிக் குடுப்பா என்று சென்டர் நடத்துகிற ஞானதாஸிடம் கேட்டாளாம். கழுவினால் சரியாகாது என்றான் அவன். ஏன் ஆகாது என்று கேட்டாள். அவன் சொன்னது புரியவில்லை. புரியவில்லை என்று விடுகிற ஆளா உன் அம்மா? மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு மத்தியானம் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். இன்னாடி, கலெக்டர் ஆபீஸ் வேலைக்குப் போவப்போறியா என்று கேலி செய்தேன். "என் பொண்ணு எதுக்கு அப்படிக் கத்துனான்னு தெரிஞ்சிக்கினு வரேன், நீ சோத்தத் துன்னுட்டுப் படு" என்றாள். ஒற்றை விரலால் தன் பேரைத் தட்டக் கற்றுக்கொண்டாள்.

கார்த்திகையில் ஞானதாஸ் வாசலில் ஒரு போர்டு வைத்தான். சித்திரை லீவில் போட்டி, ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் புரோகிராம் எழுதலாம், நன்றாகத் தெரிந்தவர், அரைகுறையாகத் தெரிந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறவர், எல்லோரும் வாங்க என்று. தோற்றால் மானம் போகும் என்று காலேஜ் பிள்ளைகளே பின்வாங்கினார்களாம். முதலில் பேர் கொடுத்தது உன் அம்மாதான். மற்றவர்கள் சிரித்தார்கள். தெரியாதவங்களும் வரலாம்னு நீ தான எழுதிக்கீற என்று அவனை மடக்கினாளாம். ஜோடி யாரக்கா என்று கேட்டிருக்கிறான். "என் பொண்ணு தான். கோவம் தீந்தா வந்துடுவா. அவ தண்ணிக் கணக்க மறுபடி எழுதட்டும். எந்த மடை எந்த வயலுக்குன்னு நான் பக்கத்துல குந்திக்கினு சொல்றேன்" என்றாளாம்.

பேர் கொடுத்ததைப் பற்றி அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. கேலி செய்வேன் என்றுதான் இருக்கும். போன வாரம் ஞானதாஸ் வீட்டுக்கு வந்து, போட்டி நெருங்குது, அக்கா பேர எடுத்துடட்டுமாண்ணா என்று கேட்டபோதுதான் எல்லாம் தெரிந்தது. இத்தனை மாசம் அடக்கி வைத்திருந்தேன். அவன் முன்னாலேயே உடைந்து அழுதுவிட்டேன்.

இளவரசி, நீ சொன்ன வார்த்தையால் அவள் சாகவில்லை. காய்ச்சலில் செத்தாள். வார்த்தையால் சாகிறவளாக இருந்தால் என்னைக் கட்டிக்கொண்ட முதல் வருஷமே போயிருப்பாள். அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை. கோபமாக இருந்தவள் உன்னைப் போய் ஜோடி என்று சொல்வாளா?

பேரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீழே என் பேரையும் எழுதச் சொன்னேன். ஜோடின்னா ரெண்டு பேர் தானப்பா என்று நானே கேட்டதற்கு, நீங்க மூணு பேராவே இருங்கண்ணா என்றான். போட்டி சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அந்த மிஷினில் தலை எது வால் எது என்று தெரியாது. எந்த மடை எந்த வயலுக்கு என்பது தெரியும். அதை மட்டும் சொல்லிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ சொல்லாமல் எதையும் தொட மாட்டேன். எதற்கும் பொட்டு வைக்க மாட்டேன்.

ஜெயிக்க வேண்டாம் கண்ணு. பேர் கூப்பிடும்போது எழுந்து நின்றால் போதும். மூன்று பேரில் ஒருத்தி வர மாட்டாள். நீயும் வராமல் இருந்துவிடாதே.

நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

உன் நைனா,
சுப்பிரமணி.