துமுஸ் நிலையத்தின் மூன்று டிகிரி

நோவோசிபிர்ஸ்க்
12 பிப்ரவரி 1996

அன்புள்ள அனிசியா,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே, வேலை விஷயம்.

நாடு முழுவதும் உள்ள வானிலை நிலையங்களின் அறுபது வருடப் பதிவுகளை வட்டாரம் வட்டாரமாகக் கோத்துக்கொண்டிருக்கிறோம். எல்லா ஊரிலும் குளிர் மெல்ல மெல்லத்தான் குறைகிறது. நீ அளவெடுக்கும் துமுஸ் நிலையத்தில் மட்டும் 1987க்குப் பிறகு குளிர்கால வெப்பநிலை ஒரேயடியாக மூன்று டிகிரி ஏறிவிட்டது. எங்கள் தலைவி கேட்டார்: "அந்தம்மா வெளிய போய்ப் பார்த்தாங்களா, இல்ல வீட்டுக்குள்ள உக்காந்து தோணினதை எழுதினாங்களா?"

அந்த வருடம் மே மாதம்தானே உன்னை விட்டு வந்தேன். அழுதுகொண்டு படுத்தே கிடந்தாயோ என்னவோ. அப்படியென்றால் சொல்லிவிடு. ஏப்ரலுக்குள் பதில் வராவிட்டால் உன் பதிவு முழுவதையும் நீக்கிவிடுவார்கள்.

புரோகோப்பி

துமுஸ்
9 மார்ச் 1996

புரோகோப்பி,

அழுதேன்தான். அழுதுகொண்டே மூன்று மணிக்கொருமுறை போய்ப் பார்த்தேன். இமை உறைந்து ஒட்டிக்கொண்டால் தேய்த்துவிட்டுப் படித்தேன். தோன்றியதை எழுதுகிறவளா நான்? உனக்கே வெட்கமாக இல்லை?

நீ போன மறுவாரம் ஆற்றின் உறைபனி உடைந்தது. பனிக்கட்டி மேலேறி வந்து கரையிலிருந்த வெப்பமானிப் பெட்டியை அடித்துக்கொண்டு போனது. புதுப் பெட்டியைப் பள்ளிக்கூட மேட்டில் வைத்தோம். காற்றில்லாத நாளில் குளிரெல்லாம் பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும். இங்கே பிறந்தவனுக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டுமா! மாவட்ட அலுவலகத்துக்கு அப்போதே எழுதினேன், எவர் மேசையில் தொலைந்ததோ.

எதற்கும் இருக்கட்டுமென்று ஆற்றங்கரையில் பழைய இடத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பதினான்கு மாதம் இரண்டையும் படித்தேன். கொதிகலன் கூடத்தில் கரி அள்ளும் கவ்ரீல், "ஒரு இடத்துல விறைச்சா போதாதா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே பாதையில் பனியை வாரிப்போட்டார். அந்த நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். வேறு பிரதி கிடையாது. தொலைத்தால் அங்கேயே வந்து உதைப்பேன்.

அனிசியா

நோவோசிபிர்ஸ்க்
2 மே 1996

அன்புள்ள அனிசியா,

நோட்டு பத்திரம். தலைவி இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டிருந்தார். "இந்தம்மாவையா சந்தேகப்பட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று டிகிரியும் மேட்டினுடையது. அதைக் கழித்துவிட்டால் துமுஸும் மற்ற ஊர்களைப் போலவே மெல்லத்தான் சூடேறுகிறது. உன் பதிவு நிலைத்துவிட்டது. அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலையில் விடுப்பு இருக்கிறது. வரட்டுமா?

புரோகோப்பி

துமுஸ்
29 மே 1996

புரோகோப்பி,

பதிவு தப்பியதைக் கேட்டு, கவ்ரீல் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அவரும் நானும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். முகவரிகூடச் சொல்லாமல் போனாய், விவாகரத்துத் தாளை எங்கே அனுப்புவது? இப்போது முகவரி கிடைத்தது, அனுப்பியிருக்கிறேன். "கையெழுத்துப் போட்டுட்டு வந்தா மீன் சூப்பு, போடாம வந்தா வெறும் டீதான்" என்கிறார் அவர்.

உன்மேல் கோபமில்லை. எப்போதோ போய்விட்டது.

அனிசியா

நோவோசிபிர்ஸ்க்
20 ஜூன் 1996

அன்புள்ள அனிசியா,

கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். படித்ததும் சுருக்கென்றது, பொய் சொல்லவில்லை. பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து வெகுநேரம் நின்றேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு வந்தவன் என்றே இத்தனை வருடமும் நடமாடினேன். நீ பாட்டுக்கு வாழ்ந்திருக்கிறாய்! எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?

ஜூலையில் வரவில்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

புரோகோப்பி