பாப்பா நடந்த வேகம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பதினாறு கோர் உள்ள புது பிராசசர் வந்திருக்கிறது; ஒரே வேலையைப் பதினாறு ஆள் பங்கிட்டுச் செய்கிற மாதிரி. அதன் வேகத்தைச் சோதிக்க, பாப்பா முதன்முதலில் நடந்த வீடியோவைச் சின்ன ஃபைலாக மாற்ற விட்டேன். பழைய கம்ப்யூட்டரில் மாற்றும்போது திரையில் படம் ஊர்ந்து ஊர்ந்து போகும், கண்ணாரப் பார்ப்பேன். இது கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது.

"இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்" என்று மறுபடி மறுபடி ஓட்டினேன். மேனேஜர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன் பொண்ணாம்மா? மத்த கோர் எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒண்ணுல மட்டும் ஓட்டு. அதையும் சோதிக்கணும்ல?" என்றார்.

பாப்பா மெல்ல மெல்ல என் பக்கம் நடந்து வந்தாள்.

இன்னும் நீளமான வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். நீங்கள் அதட்டுவது, குக்கர் விசில், எதையும் வெட்டவேண்டாம். வேலைக்குத்தான் கேட்கிறேன். சார் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

பாப்பாவின் அம்மா